ட்ராமாவுக்கு (மனக்காயத்துக்கு) தெரபி போகிறேன், ஆனால் நடந்ததைப் பற்றி தெரபிஸ்ட் கேட்கவே மாட்டேன் என்கிறார்

காவிரிக்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடத்துக்கு முந்தின ஆடியில் அப்பாவும் நானும் பைக்கில் வரும்போது லாரி மோதி அப்பா அந்த இடத்திலேயே போய்விட்டார். எனக்கு இடுப்பு எலும்பு முறிவு, ஆஸ்பத்திரியில் கிடந்தேன், காரியம் எல்லாம் நான் இல்லாமலேயே முடிந்தது. இப்போது நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஏர் ஹாரன் கேட்டால் உடம்பு விறைத்துப்போகிறது. டீசல் வாசனை வந்தால் கை தானாக முன்னால் இருப்பவரின் சட்டையைத் தேடுகிறது, முன்னால் யாருமே இல்லாவிட்டாலும். பைபாஸில் போகிற பஸ்ஸில் ஏறுவதில்லை, ஊருக்குள் சுற்றிச் சுற்றிப் போகிற டவுன் பஸ்தான். தூக்கம் மூன்று மணிக்குக் கலைந்தால் அவ்வளவுதான். அன்றைக்கு அப்பா "மழை வரும் போல இருக்கு, காலையில போலாம்மா" என்றார். நான்தான் இப்பவே போகலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அம்மா "பயந்த கோளாறு" என்று கோயிலுக்குக் கூட்டிப்போனார், தாயத்தும் கட்டியாயிற்று. குடும்ப டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். கடைசியில் ஒரு ஃப்ரெண்ட் சொல்லி சைக்காலஜிஸ்ட் ஒருவரிடம் சில வாரங்களாகப் போகிறேன். நல்ல மனிதர். ஆனால் விபத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், சாப்பிட்டீர்களா, பாதத்தைத் தரையில் அழுத்துங்கள், அறையில் நீல நிறத்தில் என்னென்ன இருக்கிறது சொல்லுங்கள், இப்படியே போகிறது. நானாக ஆரம்பித்தால் "அதற்கு நேரம் வரும், அவசரம் வேண்டாம்" என்கிறார். போன தடவை "இந்த அனுபவம் உங்களை வளர்க்கும்" என்று வேறு சொன்னார். எனக்குச் சுர்ரென்று வந்தது. அப்பா செத்து நான் வளர வேண்டுமா?

தெரபி என்றால் இப்படித்தானா? கதையை எல்லாம் சொல்லியே ஆக வேண்டுமா, சொல்லாமலே சரியாகுமா? சொல்லவும் பயமாக இருக்கிறது, சொல்லாமல் காசு கொடுத்துக்கொண்டே இருப்பதும் கடுப்பாக இருக்கிறது.

நுங்கம்பாக்கம்_சைக்:

நான் இந்தத் துறையில்தான் இருக்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் நோயின் பெயரெல்லாம் சொல்ல மாட்டேன், அவரைக் குறை சொல்லவும் மாட்டேன், அவர் தரப்பு எனக்குத் தெரியாது. முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அவர் செய்வதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1992-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் ட்ராமாவிலிருந்து மீள்வதை மூன்று கட்டமாகப் பிரித்தார்: முதலில் பாதுகாப்பு, அப்புறம் நடந்ததை நினைவுகூர்ந்து துக்கப்படுவது, கடைசியில் வாழ்க்கையோடும் மனிதர்களோடும் திரும்பச் சேர்வது. தூக்கமே இல்லாத, உடம்பு எப்போதும் அலர்ட்டில் இருக்கிற ஒருவரிடம் முதல் நாளே "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டால் ஆள் உடைந்துபோய் மறுவாரம் வராமல் போகலாம் என்பதுதான் பயம். பாதத்தை அழுத்துவது, நீல நிறம் தேடுவது எல்லாம் சும்மா டைம்பாஸ் இல்லை. நினைவு உங்களை அந்த ரோட்டுக்கு இழுத்துப் போகும்போது இந்த அறைக்குத் திரும்பி வரக் கற்றுக்கொள்கிறீர்கள். பின்னால் கதையைச் சொல்லும்போது அது வேண்டியிருக்கும்.

ஆனால் இந்த முதல் கட்டம் எல்லோருக்கும் தேவையா, எவ்வளவு நாள் தேவை என்பதில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடக்கிறது. சின்ன வயதிலிருந்து வருடக்கணக்கில் அடி, வன்முறை என்று வளர்ந்தவர்களுக்கு அதிக நாள் பிடிக்கலாம், அவர்களுக்கும் வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு நடந்தது மாதிரி ஒரே ஒரு சம்பவம் என்றால் நீண்ட தயாரிப்பு இல்லாமலேயே நேராக வேலைக்கு இறங்கலாம் என்பதுதான் என் கட்சி. "அதற்கு நேரம் வரும்" என்பது சரிதான், ஆனால் எப்போது வரும் என்று ஒரு உத்தேசமாவது சொல்ல வேண்டும். தெரபிஸ்டும் பயப்படுவதுண்டு. சொல்பவர் அழுதுவிடுவார், நம்மால் சமாளிக்க முடியாது என்று தள்ளிப்போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏன் நினைவைத் தொட்டே ஆக வேண்டும்? பைபாஸ் பஸ்ஸில் ஏறாமல் இருக்கும்போது உடனே நிம்மதி வருகிறது, இல்லையா? அந்த நிம்மதிதான் பிரச்சினையைச் சாகவிடாமல் காப்பாற்றுகிறது. தவிர்த்தேன், தப்பித்தேன் என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. ஏறியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

நல்ல ஆதாரம் இருக்கிற முறைகள் சில. எட்னா ஃபோவா உருவாக்கிய ப்ரொலாங்டு எக்ஸ்போஷரில் நடந்ததைக் கண்ணை மூடித் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், தவிர்க்கிற இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போவார்கள். பாட்ரிசியா ரெசிக் உருவாக்கிய சிபிடி (CPT, காக்னிட்டிவ் ப்ராசஸிங் தெரபி) பெரும்பாலும் 12 செஷன். அதில் விபத்தை நிமிடம் நிமிடமாக விவரிப்பது கட்டாயமே இல்லை, "இது ஏன் நடந்தது என்று நம்புகிறேன்" என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லி அந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகத் தோண்டுவார்கள். "நான்தான் பிடிவாதம் பிடித்தேன்" என்கிறீர்களே, அந்த வரியை வைத்தே பல வாரம் போகும். கிளம்பலாம் என்று சொன்ன நிமிடத்தில் உங்களுக்கு என்ன தெரியும்? லாரி வரும் என்று தெரியுமா? லாரியை ஓட்டியவர் யார்? பதிலைத் தெரபிஸ்ட் சொல்லக் கூடாது, நீங்களே போய்ச் சேர வேண்டும், "உங்க தப்பு இல்லம்மா" என்று சொந்தக்காரர்கள் ஏற்கெனவே நூறு தடவை சொல்லியிருப்பார்கள், அதில் ஏதும் ஆகவில்லையே.

அப்புறம் ஈஎம்டிஆர், 1987-ல் ஃபிரான்சின் ஷாபிரோ ஆரம்பித்தது. நினைவை மனதில் வைத்துக்கொண்டே கண்ணை இடமும் வலமுமாக அசைப்பது. கண்ணசைவுதான் வேலை செய்கிறதா, நினைவைத் தொடுவதுதான் வேலை செய்கிறதா என்று இன்னும் விவாதம் ஓடுகிறது, ஆனால் பலன் இருக்கிறது, உலக சுகாதார நிறுவனமும் 2013-ல் பரிந்துரைத்திருக்கிறது. அதில் எட்டுக் கட்டம், இரண்டாவது கட்டம் முழுக்கத் தயாரிப்பு. உங்கள் ஆள் அதில்கூட இருக்கலாம்!

அதனால் அடுத்த தடவை நேராகக் கேளுங்கள்: என்ன முறை, அதில் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா, நினைவு வேலை எப்போது ஆரம்பம், முன்னேற்றத்தை எப்படி அளக்கிறீர்கள்? பிசிஎல்-5 என்று ட்ராமா அறிகுறிகளை அளக்க 20 கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது, மொத்தம் 80 மதிப்பெண், சில வாரத்துக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்தால் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். கேட்டதற்கு முகம் சுளித்தால் அதுவே ஒரு பதில். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு போட்டிருந்தால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும், அதையும் கேட்கலாம், தப்பே இல்லை.

மாத்திரை விஷயம்: நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் ஒரு சைக்கியாட்ரிஸ்டிடம் காட்டுங்கள். சில வகைத் தூக்க மாத்திரைகளை இந்தப் பிரச்சினைக்கு மாதக்கணக்கில் கொடுப்பது நல்லதில்லை. ராத்திரி ரொம்ப முடியவில்லை என்றால் 14416, டெலிமானஸ், அரசு நடத்துவது, 24 மணி நேரமும், தமிழில் பேசலாம்.

பழைய_சோறு:

எல்லாம் படித்தேன். எங்கள் தாத்தா பாட்டி எல்லாம் பார்க்காத சாவா? யார் போய் சோபாவில் உட்கார்ந்து கதை சொன்னார்கள்? ஆறின புண்ணைக் கிளறுவதற்குக் காசு வேறு. காலம் எல்லாத்தையும் ஆற்றும், வேலையில் மனசை விடு தங்கச்சி.

நுங்கம்பாக்கம்_சைக்:

@பழைய_சோறு ஆறியிருந்தால் அவர் பைபாஸ் பஸ்ஸில் ஏறியிருப்பார் ஐயா.

ஆனாலும் நீங்கள் சொல்வதில் பாதி சரி. பெரிய விபத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலானவர்கள் எந்த தெரபியும் இல்லாமல் சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். அதனால்தான் ஒரு பேரிடர் நடந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து "நடந்ததைச் சொல்லு" என்று ஒரே ஒரு நாள் பேசவைப்பதை இப்போது யாரும் பரிந்துரைப்பதில்லை. அந்த நேரத்தில் தண்ணீர், தங்க இடம், சொந்தக்காரர்கள் எங்கே என்கிற தகவல், பக்கத்தில் ஒரு ஆள், இவ்வளவுதான் வேண்டும். இவருக்கு ஒரு வருடம் தாண்டிவிட்டது. காலத்துக்குப் போதுமான நேரம் கொடுத்தாயிற்று.

விருதுநகர்_வாசி:

அக்கா, நான் ப்ரொலாங்டு எக்ஸ்போஷர் முடித்தவன். பட்டாசு ஆலை விபத்தில் தப்பித்தேன், அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுதவில்லை. எங்கள் பக்கம் பிழைப்பே வெடிதான், அதனால் தப்பித்து ஓட இடம் கிடையாது, வருடம் முழுக்க எங்கேயாவது டெஸ்ட் வெடி கேட்டுக்கொண்டே இருக்கும்.

முதலில் ஒரு பட்டியல் போட்டோம். எது எவ்வளவு பயம் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரைக்கும் நம்பர். தீப்பெட்டி உரசுவது 20, கம்பி மத்தாப்பு 35, மொட்டை மாடியில் நின்று பக்கத்துத் தெரு சரவெடியைக் கேட்பது 60, தீபாவளி காலையில் தெருவில் நடந்து போவது 90. கீழேயிருந்து ஒவ்வொன்றாக. மத்தாப்பை அணைகிற வரைக்கும் கையில் பிடித்திருக்க வேண்டும், பாதியில் தூக்கிப் போடக் கூடாது, நம்பர் இறங்குகிற வரைக்கும் திரும்பத் திரும்பக் கொளுத்து என்றார் தெரபிஸ்ட் மேடம். என் பையனுக்கு ஒரே குஷி, தீபாவளி இல்லாத மாசத்தில் அப்பா டப்பா டப்பாவாக மத்தாப்பு வாங்கி வருகிறார்!

கதை சொல்வது வேறு. கண்ணை மூடிக்கொண்டு, "போனேன்" இல்லை, "போகிறேன்" என்று இப்போது நடப்பது மாதிரி சொல்ல வேண்டும். நடு நடுவே மேடம் "இப்போ எவ்வளவு?" என்று மட்டும் கேட்பார், நான் நம்பர் சொல்வேன், தொடர்வேன். அதை செல்போனில் ரெக்கார்ட் பண்ணி வீட்டில் தினமும் கேட்கச் சொன்னார். வீட்டுக்குள் பிள்ளைகள் இருக்கும் என்று மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து கேட்பேன். ஆரம்பத்தில் ரொம்ப மோசம். தூக்கம் முன்பைவிடக் கெட்டது, விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இது வரும், கொஞ்ச நாளில் தணியும் என்று மேடம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் தாக்குப்பிடித்தேன், சொல்லாமல் இருந்திருந்தால் ஓடியே போயிருப்பேன்.

ஒன்று சொல்கிறேன். எல்லோரையும் விட்டுவிட்டு நான் மட்டும் ஓடிவந்தேன் என்றுதான் அதுவரை என் மனசில் இருந்தது. திரும்பத் திரும்பச் சொல்லும்போது ஒரு இடத்தில் பின்னாலிருந்து யாரோ என் காலரைப் பிடித்து இழுத்தது வந்தது. நான் ஓடவில்லை, இழுத்துப் போகப்பட்டேன். நம்பிக்கை இல்லாமல் அன்றைக்கு அங்கே இருந்த ஒரு அண்ணனையே போய்க் கேட்டேன். "நாந்தாண்டா இழுத்தேன், நீ உள்ள போகப் பாத்த" என்றார். அன்றைக்கு அவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

முழுசாகச் சரியாகிவிட்டதா என்றால், எதிர்பாராமல் வெடித்தால் இன்னும் தூக்கிவாரிப்போடும். ஆனால் ஒரு நிமிடத்தில் டீயைக் கையில் எடுத்துவிடுவேன். முன்பு அன்றைய நாளே போய்விடும்.

வல்லை_வெளி:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது ரொறன்ரோ. எங்கட சனத்துக்கு மனவடு என்றால் புதுசாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

நீங்கள் கேட்டதுக்கு எங்கட பக்கத்திலேயே ஒரு சுவாரசியமான பதில் இருக்கு. ஜெர்மனியில் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழக ஆட்கள் போர் நடந்த இடங்களுக்கென்று ஒரு முறை உருவாக்கினவர்கள், நரேட்டிவ் எக்ஸ்போஷர் என்று பெயர். தரையில் ஒரு கயிற்றை விரித்து, ஒரு முனை நீங்கள் பிறந்த நாள். நல்லது நடந்த இடத்தில் பூ வைக்கிறது, கெட்டது நடந்த இடத்தில் கல். பிறகு பிறப்பிலிருந்து கதையைத் தொடங்கிச் சொல்லிக்கொண்டே வருவீர்கள், அவர் எழுதிக்கொண்டு வந்து அடுத்த முறை உங்களுக்கே வாசித்துக் காட்டுவார். கல்லில் மட்டும் நிற்கிறதில்லை, பூவிலும் நிற்கிறது. கடைசியில் அந்த முழுக் கதையையும் கையில் தருவார்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு இந்தக் கதை சொல்லும் முறை, மற்றப் பக்கத்துக்குத் தியானமும் மூச்சும் தளர்வும், இரண்டுக்கும் 6 அமர்வுகள். செய்தவர்கள் உள்ளூரில் பயிற்சி எடுத்த ஆட்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்திலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், பிள்ளைகள் வேற, பெரியவர்கள் வேற, அதை வைத்து எல்லாம் முடிவு கட்ட ஏலாது. ஆனாலும் பாதத்தை அழுத்தச் சொல்கிற உங்கட ஆளை ஒரேயடியாகத் தள்ளிவிடவேண்டாம்.

இன்னொன்று. காரியம் நான் இல்லாமலே முடிந்தது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிட்டீர்கள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். விபத்தின் பயம் ஒன்று, அப்பா இல்லை என்கிற துக்கம் இன்னொன்று. ஹாரன் சத்தத்துக்குப் பயம் போனாலும் துக்கம் தன்பாட்டில் இருக்கும், அதுக்கு அழ ஒரு இடம் வேண்டும். எங்கட ஊரில் 31-ம் நாள் அந்தியேட்டி, அதுக்கென்று சனம் கூடும், அழும், சாப்பிடும். அது செய்ய முடியாமல் போனால் என்ன ஆகும் என்று போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்களைப் பார்த்தால் தெரியும், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் படத்தோடு வந்து உட்கார்ந்தவர்கள். செத்துவிட்டான் என்று சொன்னால்தான் கிரியை செய்யலாம், சொல்ல மனம் வராது. எங்கட மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு என்று எழுதினது இதைத்தான், தனி ஆளின் மண்டைக்குள் மட்டும் இருக்கிற நோய் இல்லை, குடும்பம், ஊர் எல்லாம் சேர்ந்து காயப்பட்டது. உங்கட அம்மாவும் தாயத்தோடு ஓடித்திரிகிறா என்றால் அவவுக்கும் ஒருவரும் இல்லை என்றுதான் அர்த்தம். அவவோட இருந்து அப்பாவைப் பற்றிக் கதைத்தீர்களா?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. @வல்லை_வெளி அண்ணா, இல்லை, பேசவில்லை. நான் அழுவேன் என்று அம்மா பேசுவதில்லை, அம்மா அழுவார் என்று நான் பேசுவதில்லை. அப்பாவின் செருப்பு இன்னும் வாசலில் ரேக்கில்தான் இருக்கிறது, இரண்டு பேரும் பார்க்காத மாதிரி தாண்டிப் போகிறோம். இதை தெரபிஸ்டிடம் சொல்லவே இல்லை, அவர் விபத்தைத்தான் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

@விருதுநகர்_வாசி தம்பி, உன் பட்டியலைப் பார்த்துவிட்டு நானும் ஒன்று எழுதினேன். பஸ் ஸ்டாண்டில் நின்று பைபாஸ் பஸ்ஸை ஏறாமல் பார்ப்பது மட்டும் 30. பைக்கில் பின்னால் உட்காருவது நூற்றுக்கு நூறு.

"வளர்ச்சி" பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லையே? அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நுங்கம்பாக்கம்_சைக்:

ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் தொண்ணூறுகளில் கிளப்பிய விஷயம் அது. பெரிய இழப்புக்குப் பிறகு சிலர் உறவுகளில் நெருக்கம், தன் பலம் பற்றிய தெளிவு, எது முக்கியம் என்பதில் மாற்றம் என்றெல்லாம் சொல்வதைக் கவனித்து 1996-ல் 21 கேள்விகளோடு ஒரு அளவுகோல் வெளியிட்டார்கள். ஆனால் சம்பவம் மனிதனை வளர்க்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. அதோடு மல்லுக்கட்டுவதில் சிலருக்கு மாற்றம் வருகிறது, வேதனையும் கூடவே இருக்கும் என்பதுதான் அவர்கள் சொன்னது. அதுவும் எல்லோருக்கும் வராது. வந்ததாகச் சொல்கிறவர்களிடம் உண்மையிலேயே மாற்றம் இருக்கிறதா, இல்லை மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்கிறார்களா என்று சந்தேகப்படுகிற ஆய்வாளர்களும் நிறையப் பேர்.

மூன்று மணிக்கு விழித்துக் கிடக்கிற ஒருவரிடம் இதைச் சொல்வது நேரம் தெரியாத பேச்சு, எனக்கும் பிடிக்காது. வளர்ந்தால் நீங்கள் சொல்ல வேண்டும், அவர் சொல்லக் கூடாது. ஆனால் இதற்காக ஆளை மாற்றாதீர்கள். "அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்குச் சுட்டது" என்று அவரிடமே சொல்லிப் பாருங்கள். நல்ல தெரபிஸ்ட் என்றால் அந்தப் பேச்சே ஒரு நல்ல செஷன் ஆகும். மழுப்பினால், அல்லது உங்களுக்கே வகுப்பு எடுத்தால், அப்போது வேறு ஆள் தேடலாம். அந்தச் செருப்பு விஷயத்தையும் கொண்டுபோங்கள். பட்டியலையும் கொண்டுபோங்கள், ஆனால் நூறில் இருக்கிறதைத் தனியாக முயற்சி செய்ய வேண்டாம்.

காவிரிக்கரை:

வியாழக்கிழமை செஷன். முறை என்ன, எப்போது ஆரம்பம், எப்படி அளப்பது, சுட்டது, செருப்பு என்று ஐந்தையும் போனில் எழுதி வைத்துவிட்டேன். அம்மாவையும் ஒரு நாள் கூட்டி வரலாமா என்றும் கேட்கப் போகிறேன்.

விருதுநகர்_வாசி:

கேளுங்கள் அக்கா. ஆனால் நினைவு வேலை ஆரம்பித்தால் அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிடுங்கள், செஷன் முடிந்த கையோடு ஆபீஸ் போய் உட்கார்ந்து நான் பட்ட பாடு போதும். போவதற்கு முன்னால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கர்ச்சீப் கொண்டுபோங்கள், அங்கே வைத்திருக்கிற டிஷ்யூ பேப்பர் ரெண்டு நிமிஷத்துக்குத் தாங்காது.